முட்டைக்கோஸ் மேல் போட்ட பழி

மாயவரத்தில் அத்தை வீட்டுச் சமையலில் எனக்குப் பிடித்தது முட்டைக்கோஸ் கூட்டு. பாசிப்பருப்பைக் குழையவிடாமல் வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டு, கடைசியில் தேங்காய் எண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் கொட்டுவார். போன பொங்கலுக்குப் போனபோது இலையில் அது இல்லை. கேட்டதற்கு, "எனக்குத் தைராய்டுடா. கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எதுவும் ஆகாதாம். சின்னவ வாட்ஸப்புல அனுப்பியிருந்தா" என்றார். சமையல் மேடையில் பாக்கெட் உப்பு இருந்த இடத்தில் இளஞ்சிவப்பு இந்துப்பு உட்கார்ந்திருந்தது. ராத்திரிச் சப்பாத்தி நின்று நாலு மாதம் ஆகியிருந்தது. இத்தனையும் விட்டும் டிஎஸ்எச் அளவு 7-லிருந்து 11-க்கு ஏறியிருந்தது. மாத்திரையின் அளவை டாக்டர் இரண்டு தடவை கூட்டிவிட்டாராம்.

"மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா அத்தை?"

"ஒரு நாள் தவறினதில்ல. விடிகாலைக் காபியோட போட்டுடுவேன். கூடவே அந்தக் கால்சியம் மாத்திரையையும் முழுங்கிடுவேன். ஒரு வேலை முடிஞ்சுதில்ல."

அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டாவது டம்ளர் காபியை ஆற்றிக் குடித்துவிட்டு ரயிலேறிவிட்டேன்.

'தைராய்டுக்கு ஆகாது' என்கிற பேச்சுக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. சுரப்பிக்குக் கச்சாப்பொருள் கிடைக்காமல் போவது ஒன்று. உடம்பின் காவல்படையே சுரப்பியைத் தாக்குவது இன்னொன்று. விழுங்கிய மாத்திரை குடலைத் தாண்டாமல் நின்றுவிடுவது மூன்றாவது. மூன்றிலும் சாப்பாட்டுக்குப் பங்கு உண்டு, ஆனால் சம பங்கு இல்லை. அத்தை முதலாவதைக் கண்டு பயந்து, அந்தப் பத்தியத்தை இரண்டாவதுக்கு வைத்தியமாக நம்பி, மூன்றாவதைக் கோட்டை விட்டிருந்தார்.

தைராய்டு என்பது குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயைக் கட்டிக்கொண்டு இரண்டு மடலாக இருக்கும் சுரப்பி. எடை 20 கிராம் அளவுதான். உடம்பு என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதை இது முடிவு செய்கிறது. மந்தமானால் களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி கொட்டுதல், முகம் உப்புதல் எல்லாம் வரும். மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி இந்தச் சுரப்பியை வேலை வாங்க அனுப்பும் அதட்டல்தான் டிஎஸ்எச். வேலைக்காரன் சோர்ந்தால் முதலாளியின் குரல் ஏறுவதுபோல, சுரப்பி சோர்ந்தால் டிஎஸ்எச் ஏறும். ரிப்போர்ட்டில் எண் கூடியிருப்பதைப் பார்த்துத் 'தைராய்டு அதிகம்' என்று பலர் சொல்லிக்கொள்கிறார்கள். நிலைமை நேர் எதிர்.

அயோடின் உப்பு பழக்கத்துக்கு வந்த ஊர்களில் தைராய்டு இப்படி மந்தமாவதற்கு முதல் காரணம் ஹாஷிமோட்டோ நோய். பெயரைக் கேட்டால் ஏதோ மோட்டார் கம்பெனி போலிருக்கும். ஹகாரு ஹாஷிமோட்டோ ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் இருந்த இளம் அறுவை மருத்துவர். நான்கு பெண்களின் கழுத்திலிருந்து எடுத்த வீங்கிய சுரப்பிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஹார்மோன் சுரக்கும் செல்கள் இருக்க வேண்டிய இடத்தில், நிணநீர்க் கணுவில் காண்பதுபோல வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருந்தன. 1912-ல் ஒரு ஜெர்மன் மருத்துவ இதழில் இதை எழுதினார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்த்து, 1934-ல் டைபாய்டு கண்டு இறந்தார். அந்த வெள்ளையணுக்களுக்கு அங்கே என்ன வேலை என்பது அவர் காலத்தில் யாருக்கும் புரியவில்லை.

1956-ல்தான் முடிச்சு அவிழ்ந்தது, அதுவும் இரண்டு ஊர்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில். லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் ஆகியோரின் குழு, ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தச் சீரத்தைத் தைராய்டுச் சாற்றோடு சேர்த்துப் பார்த்தது. தனித்தனியே தெளிவாக இருந்தவை சேர்ந்ததும் வண்டலாகப் படிந்தன. நோயாளியின் ரத்தத்தில் இருந்த ஆன்டிபாடிகள், அதே சுரப்பியின் புரதத்தைப் பிடித்து ஒட்டிக்கொண்டதன் அடையாளம் அது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸும் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயலுக்கு முயல் தைராய்டின் சாற்றையே ஊசியாகப் போட்டார்கள். அந்த முயல்களின் சுரப்பி அழற்சி கண்டு அழிந்தது. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளாது என்று பால் எர்லிக் காலத்திலிருந்து நம்பிவந்த மருத்துவ உலகம், தன்னுடல் தாக்கு நோய் என்ற ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்ள இந்தச் சுரப்பிதான் பெரிய காரணம்.

இன்று இதைக் கண்டுபிடிக்க ஆன்டி டிபிஓ என்கிற ரத்தப் பரிசோதனை போதும். 2013-ல் வெளிவந்த ஆய்வொன்று சென்னை உட்பட இந்தியாவின் 8 நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பார்த்தது. தைராய்டு மந்தம் இருந்தவர்கள் ஏறக்குறைய 11 சதவீதம். டிபிஓ ஆன்டிபாடி இருந்தவர்கள் 22 சதவீதத்துக்கு அருகில். அதாவது ஐந்தில் ஒருவர் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி சுற்றுகிறது, ஆனால் அவர்களில் பலருக்குச் சுரப்பி இன்னும் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கிறது. நோயின் வேர் பெரும்பாலும் பரம்பரையில் இருக்கிறது. இருந்தாலும் டென்மார்க்கில் ஒரே கரு இரட்டையர்களைப் பார்த்தபோது, ஒருவருக்கு இந்த மந்தம் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது பாதிக்குச் சற்று மேல்தான். மீதியில்தான் சாப்பாடும், பிரசவமும், மற்றதும் புகுந்து விளையாடுகின்றன.

இனி முட்டைக்கோஸ். பழி முழுப் பொய் இல்லை, அதற்கு ஒரு முயல் கதை இருக்கிறது. 1928-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் செஸ்னியும் தோழர்களும் சிஃபிலிஸ் ஆராய்ச்சிக்காக முயல் வளர்த்தார்கள். தீனி பெரும்பாலும் முட்டைக்கோஸ். சிஃபிலிஸைத் தேடி அறுத்துப் பார்த்தால் முயல்களுக்குக் கழுத்தில் கழலை. தற்செயலாகக் கிடைத்த இந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் கழலை உண்டாக்கும் உணவுகளைப் பற்றிய ஆராய்ச்சியே சூடு பிடித்தது. கோஸை நறுக்கும்போது அதன் செல்கள் உடைந்து, உள்ளேயிருக்கும் ஒரு நொதி கந்தகச் சேர்மங்களைப் பிரிக்கிறது. பச்சைக் கோஸின் அந்தக் காரநெடி அதனால்தான். பிரிந்துவரும் சில பொருட்கள் சுரப்பிக்குள் அயோடின் நுழைவதை மறிக்கின்றன, சில அயோடின் ஹார்மோனாக மாறுவதைத் தடுக்கின்றன. முயல்களுக்குக் கூடவே அயோடினும் கொடுத்தபோது கழலை வரவில்லை.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, அந்த நொதி வெந்தால் செத்துவிடும். நாம் கோஸைப் பச்சையாக மென்று தின்கிற சாதி இல்லை. வேகவைத்துத்தான் தின்கிறோம். மற்றொன்று அளவு. 2010-ல் ஒரு மருத்துவ இதழில் 88 வயதுச் சீனப் பெண் ஒருவரின் கதை வந்தது. சர்க்கரை கட்டுப்படும் என்று நம்பி, கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த பாக் சோய் கீரையைத் தினமும் ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை, பச்சையாகவே, மாதக்கணக்கில் தின்றிருக்கிறார். தைராய்டு முற்றாக முடங்கி, நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். வாரம் ஒரு நாள் கூட்டு வைக்கும் வீட்டில் நடக்கிற காரியமா இது?

எல்லாவற்றுக்கும் மேலாக, இது முதல் சங்கதி. கோஸ் ஆன்டிபாடிகளைத் தூண்டுவதில்லை. சுரப்பியைத் தாக்கும் வெள்ளையணுக்களுக்கு அத்தையின் இலையில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

மரவள்ளிக்கிழங்கின் கதையும் இந்த வகைதான். அதிலிருந்து வரும் சயனைடை உடம்பு தயோசயனேட்டாக மாற்றும். அது அயோடினோடு வாசலில் முட்டிமோதும். காங்கோ நாட்டின் உட்பகுதிகளில், அயோடினும் இல்லாமல் மரவள்ளியே சாப்பாடாக இருந்த ஊர்களில் இது பெரும் சேதம் செய்தது. நாகர்கோவில் பக்கத்தில் கிழங்கோடு மீன்குழம்பு வைப்பார்கள். கடல் மீன் அயோடினைக் கொண்டுவந்துவிடுகிறது. கம்பிலும் ஒரு சிக்கல் உண்டு. சூடானின் டார்ஃபூர் பகுதியில், மூன்று வேளையும் கம்பையே தின்றவர்களிடம் கழலை அதிகம் என்று கண்டார்கள். கம்பின் தவிட்டிலுள்ள சில நிறமிகள் ஹார்மோன் தயாரிக்கும் நொதியைத் தடுக்கின்றன, இவை கோஸின் நொதிபோல வேகும்போது போய்விடுவதும் இல்லை. சித்திரை வெயிலுக்கு ஒரு சொம்பு கம்பங்கூழ் குடிப்பவர் இதற்குப் பயப்பட வேண்டாம். சிறுதானியம் என்ற பெயரில் எல்லா வேளைக்கும் கம்பு ஒன்றையே பிடித்துக்கொள்பவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

அயோடின்தான் இந்தக் கதையில் உண்மையான இருமுனைக் கத்தி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தைராய்டு ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று அல்லது நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் இல்லாவிட்டால் ஹார்மோன் இல்லை. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிக்கு 250. கண்ணுக்கே தெரியாத இந்தத் துளி கிடைக்காமல்தான் இமயமலை அடிவாரம் நெடுகக் கழலையும், வளர்ச்சி குன்றிய குழந்தைகளும். 1950-களின் நடுவில் வி. ராமலிங்கசுவாமியின் குழு காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தது. கழலை கண்கூடாகக் குறைந்தது. 1962-ல் தேசியத் திட்டம் வந்தது. அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்ற தடை 1998-ல் வந்து, 2000-ல் நீங்கி, 2006-ல் திரும்பவும் வந்தது. ஆனாலும் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நம்மிடம் கல்லுப்புதான்.

இவ்வளவு நல்லது செய்த அயோடினே தன்னுடல் தாக்கு நோயைக் கிளறிவிடுகிறது என்பதுதான் விநோதம். அயோடின் அதிகம் ஏறிய தைரோகுளோபுலின் என்கிற சுரப்பிப் புரதம், காவல்படையின் கண்ணுக்கு அந்நியனாகத் தெரிய ஆரம்பிக்கிறது. இந்த நோய் தானே வரும்படியான ஒரு வகை எலிக்குக் குடிநீரில் அயோடின் கலந்தால் நோய் சீக்கிரம் வருகிறது. மனிதர்களிடமும் இதன் தடயம் உண்டு. இலங்கையில் 1990-களின் நடுவில் உப்பில் அயோடின் கட்டாயமானது. சில வருஷங்கள் கழித்துப் பள்ளி மாணவிகளைச் சோதித்தபோது பலரது ரத்தத்தில் தைரோகுளோபுலின் ஆன்டிபாடி இருந்தது. டென்மார்க்கில் 2000-ல் கட்டாயமாக்கினார்கள். முன்னும் பின்னும் அளந்து பார்க்கும் ஏற்பாட்டோடு செய்த நாடு அது. அளவாகத்தான் கலந்தார்கள், இருந்தும் தைராய்டு மந்தம் கொஞ்சம் கூடியது. சீனாவில் அயோடின் குறைவாக, தாராளமாக, மிக அதிகமாகக் கிடைக்கும் மூன்று ஊர்களை 5 வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2006-ல் வெளியானது. அந்தக் காலத்தில் புதிதாகத் தன்னுடல் தாக்குத் தைராய்டு நோய் வந்தவர்கள் முறையே 0.2, 1.0, 1.3 சதவீதம்.

இந்த எண்களைக் காட்டித்தான் 'அயோடின் உப்பு விஷம்' என்று காணொளி போடுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, 0.2-க்கும் 1.3-க்கும் இடையிலுள்ள தூரம் நூற்றில் ஒருவர்தான் என்பதை. அயோடின் இல்லாத காங்ராவில் போனது குழந்தைகளின் மூளை வளர்ச்சி. இந்தப் பேரத்தில் எது லாபம் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சட்டப்படி கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். ஆலையில் கலக்கும்போது 30. ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு சாப்பிட்டால் கிடைப்பது 75 முதல் 150 மைக்ரோகிராம் வரை. சமையலில் ஆவியாகப் போவது போக இன்னும் குறையும். ஆக, பாக்கெட் உப்பு அயோடினைக் கொட்டித் தள்ளுவதில்லை, தேவையை ஒட்டித்தான் நிற்கிறது. ஹாஷிமோட்டோ இருக்கிறது என்பதற்காக இந்துப்புக்கு மாறுவதில் லாபம் ஒன்றுமில்லை. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அது நஷ்டம்.

அஞ்ச வேண்டியது மில்லிகிராம் கணக்கில் வரும் அயோடினைக் கண்டு. ஜப்பானியர் சூப்பில் போடும் கொம்பு என்கிற கடற்பாசியில் ஒரு கிராமிலேயே பல நாள் அயோடின் அடங்கிவிடும். ஆரோக்கியமான சுரப்பிக்கு இதைச் சமாளிக்கத் தெரியும். அயோடின் வெள்ளமாக வந்தால் உற்பத்தியை நிறுத்திக் கதவடைத்து, சில நாளில் மறுபடி திறந்துகொள்ளும். 1948-ல் வுல்ஃப், சைகாஃப் என்ற இருவர் எலிகளில் இந்தக் கதவடைப்பைக் கண்டறிந்தார்கள். ஹாஷிமோட்டோ நோயில் அடைத்த கதவு திறக்காமல் மாட்டிக்கொள்கிறது. ஜப்பானில் 1980-களில் தைராய்டு மந்தமானவர்களைக் கடற்பாசியை நிறுத்தச் சொன்னபோது, அந்தச் சிறு குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மாத்திரையில்லாமலே சுரப்பி மறுபடி ஓடத் தொடங்கியது. சாப்பாட்டை மாற்றித் தைராய்டு திரும்பியதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் இதுதான். ஆனால் இது ஜப்பானியச் சமையலறைக்கு உரியது. ராமநாதபுரம் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசி பெரும்பாலும் அகார் ஆலைக்குப் போகிறது, நம் சட்டிக்கு வருவதில்லை. நமக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது: 'தைராய்டு சப்போர்ட்' என்று ஆன்லைனில் விற்கும் கெல்ப் மாத்திரை. அதுவும் கடற்பாசிதான்.

செலினியம் பற்றியும் கேட்கிறார்கள். சுரப்பி தன் வேலைக்காக ஹைட்ரஜன் பெராக்சைடைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த நெருப்பு சுவரைச் சுடாமல் காப்பவை செலினியம் கொண்ட நொதிகள். ஒரு கிராம் சதைக்கு இவ்வளவு என்று பார்த்தால் தைராய்டைப் போலச் செலினியம் வைத்திருக்கும் உறுப்பு வேறில்லை. 2002-ல் ஜெர்மனியில் நாளுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் 3 மாதம் கொடுத்தபோது டிபிஓ ஆன்டிபாடி அளவு குறைந்தது. பெரிய ஆரவாரம். ஆனால் ஆன்டிபாடி எண் குறைந்ததால் நோயாளி தெம்பானார் என்றோ, மாத்திரையின் தேவை குறைந்தது என்றோ அதன்பின் வந்த ஆய்வுகள் உறுதி சொல்லவில்லை. அதே 200 மைக்ரோகிராமை வருஷக்கணக்கில் விழுங்கிய அமெரிக்க ஆய்வொன்றில் சர்க்கரை நோய் கூடியது. சர்க்கரைக்குப் பேர்போன நம் ஊரில் இது விளையாட்டில்லை. பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் மண்ணிலேயே செலினியம் மிதமிஞ்சிக் கிடக்கிறது. அங்கே முடியும் நகமும் உதிரும் அளவுக்கு அது நஞ்சாகியிருக்கிறது. முட்டையும் மீனும் சாப்பிடுகிறவர் மாத்திரை வடிவில் இதைத் தேடி அலைய வேண்டாம்.

சப்பாத்திக்கு வருவோம். கோதுமையிலுள்ள க்ளூட்டன் புரதம் சிலருக்குச் சிறுகுடலைப் புண்ணாக்கும். அதற்கு சீலியாக் நோய் என்று பெயர். அதுவும் தன்னுடல் தாக்கு நோய்தான், ஹாஷிமோட்டோவுக்குப் பங்காளி. தைராய்டு ஆன்டிபாடி இருப்பவர்களில் நூற்றுக்குச் சில பேருக்கு இதுவும் இருக்கும். அவர்கள் கோதுமையை விட்டாக வேண்டும். விட்டால் குடல் ஆறி, மாத்திரையும் நன்றாக உள்ளே ஏறும். மற்றவர்கள் விட்டால் தைராய்டுக்கு நன்மை என்று காட்டும் சான்று மெலிந்தது. இந்தியாவில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூன்றிலும் சீலியாக் நோயைத் தேடிய ஆய்வு 2016-ல் வந்தது. வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர். நோய்க்கு ஏதுவான மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. தெற்கில் ஒருவர் நாளுக்கு உண்ட கோதுமை சராசரியாக 25 கிராம் அளவுதான், வடக்கில் அதைப்போலப் பல மடங்கு. அத்தை சப்பாத்தியை விட்டுச் சோற்றுக்குத் திரும்பியதில் கெடுதல் இல்லை, சர்க்கரை எண்ணைத் தவிர.

எல்லாவற்றையும் ஒரேயடியாக விடச் சொல்லும் பத்தியமும் உண்டு. தானியம், பருப்பு, பால், முட்டை, தக்காளி, காபி எல்லாம் கூடாது. 2019-ல் 17 பெண்கள் 10 வாரம் அப்படி இருந்து பார்த்தார்கள். தெம்பு கூடியதாகச் சொன்னார்கள், ஆன்டிபாடியும் டிஎஸ்எச்சும் அசையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லாததால், தெம்பு வந்தது பத்தியத்தாலா, பத்து வாரம் யாரோ அக்கறையாக விசாரித்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது சங்கதிக்குள் போகுமுன் ஒரு பழங்கதை. 1891-ல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மர்ரே, தைராய்டு மந்தமாகி முகம் உப்பிய ஒரு பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டுப் பிழைக்க வைத்தார். அந்த அம்மாள் பின்னும் 28 வருஷம் இருந்தார். அதற்கு 800-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி செலவானது. அடுத்த வருஷமே ஊசி வேண்டாம், ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்துப் பழ ஜெல்லியோடு தின்றாலே போதும் என்று கண்டார்கள். தைராய்டு மந்தத்துக்கு உணவே மருந்தாக இருந்தது அந்த ஒரு காலம்தான். 1914 கிறிஸ்துமஸ் அன்று எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். இன்று சின்ன பாட்டிலில் கிடைக்கும் வெள்ளை மாத்திரை அதன் வாரிசு. சுரப்பி தயாரிக்கும் அதே பொருள். அழிந்துபோன சுரப்பிக்குப் பதிலாக நிற்பது. சுரப்பி இவ்வளவு தூரம் மந்தமான பிறகு எந்தப் பத்தியமும் இதற்கு ஈடாகாது.

ஆனால் இது கூச்ச சுபாவமுள்ள மாத்திரை. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டாலே 60 முதல் 80 சதவீதம்தான் உள்ளே போகும். கூட ஆள் வந்தால் இன்னும் ஒதுங்கும். 2000-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 20 நோயாளிகள் 3 மாதம் தைராய்டு மாத்திரையோடு கால்சியம் கார்பனேட்டும் சேர்த்து விழுங்கினார்கள். டிஎஸ்எச் 1.6-லிருந்து 2.7-க்கு ஏறியது. கால்சியத்தை நிறுத்தியதும் இறங்கிவிட்டது. இரும்புச்சத்து மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். 2008-ல் இத்தாலியின் மெசினா நகர மருத்துவர்கள், அளவைக் கூட்டியும் டிஎஸ்எச் அடங்காத சில நோயாளிகளைக் குடைந்து கேட்டபோது காரணம் அகப்பட்டது: அவர்கள் மாத்திரையை எஸ்பிரெஸ்ஸோவோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு மாறியதும் எண் இறங்கியது. நம் காபியில் டிகாக்‌ஷன் மட்டுமல்ல, பாலும் உண்டு. பாலில் கால்சியம் உண்டு.

அதைப் படித்தபோதுதான் எனக்கு மாயவரத்துச் சமையலறை நினைவுக்கு வந்தது. விடிகாலை ஐந்தரை. பித்தளை ஃபில்டரின் மேல்தட்டிலிருந்து கடைசிச் சொட்டு இறங்கிக்கொண்டிருக்கும். பால் பொங்கி வரும்போதே அத்தை உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகள் வைத்திருப்பார், ஒன்று சின்னது, ஒன்று சோழி மாதிரிப் பெரியது. முதல் வாய் காபியோடு இரண்டும் உள்ளே. பாட்டில் வாசம் செய்வதும் அடுப்புக்கு மேல் ஷெல்ஃபில்தான். சூடும் ஈரமும் இந்த மாத்திரைக்கு ஆகாது. வேறெதை விடுகிறாரோ இல்லையோ, இந்த ஐந்தரை மணி ஒரு நாளும் தவறாது.

போன் போட்டுச் சொன்னேன். மாத்திரை படுக்கையறைக்குப் போகட்டும், தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில். எழுந்ததும் தண்ணீரோடு அது மட்டும். காபிக்கு முன் ஒரு மணி நேரமாவது, முடியாவிட்டால் அரை மணிக்குக் குறையாமல். கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம். இது சரிப்படாவிட்டால் ராத்திரி படுக்கும்போது போடலாம், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து. நெதர்லாந்தில் 2010-ல் சோதித்துப் பார்த்ததில் ராத்திரி போட்டவர்களுக்கு இன்னும் நன்றாகவே ஏறியிருக்கிறது. எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். ஏனென்றால் கூட்டிய அளவு முழுதும் திடீரென்று உள்ளே போனால் படபடப்பு வரும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

"முடி கொட்டுதேன்னு பயோட்டின் ஒண்ணு போட்டுக்கறேன். அதை விடணுமா?" என்று கேட்டார் அத்தை. நல்ல வேளையாகக் கேட்டார். பயோட்டின் சுரப்பியை ஒன்றும் செய்யாது, ரிப்போர்ட்டைத்தான் கெடுக்கும். பல லேப் கருவிகள் பயோட்டினைத் தூண்டிலாக வைத்துத்தான் ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், தைராக்ஸின் பொய்யாகக் கூடியும் காட்டும். அதைப் பார்த்து மருந்தைக் குறைத்துவிட்டால் கதை கந்தல். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். டிஎஸ்எச் 3.1. டாக்டர் மாத்திரையைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டிருந்தார். பாக்கெட் உப்பு மேடைக்குத் திரும்பியிருந்தது. இலையில் கூட்டு இருந்தது, தேங்காய் எண்ணெய் வாசனையோடு. நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியபோது அத்தை சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. கடிகாரத்தைக் காட்டினார்.

"அஞ்சரைக்கு எழுந்து ஆறரை வரைக்கும் காபி இல்லாம வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்டா. அதுக்கு முட்டைக்கோஸை விட்டதே தேவலாம்போல இருக்கு."